புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

தேர்வறையில் உட்கார்ந்து கேள்வியைப் பார்க்கிறீர்கள். விடை எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று தெரியும், இடது பக்கத்தில் கீழே, ஒரு படத்துக்கு அடியில், மஞ்சள் ஹைலைட்டர் போட்ட இடம் என்பது வரைக்கும் கண்முன்னால் வருகிறது, அங்கே என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வரமாட்டேன் என்கிறது. இப்படி ஒருதடவைகூட நடக்காதவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

எனக்கு இது பல வருஷம் நடந்தது. படிக்காமல் ஏமாற்றுகிற ரகம் என்றால்கூடப் பரவாயில்லை, நான் நிறையவே படிப்பேன், ஒரே பாடத்தை நான்கு தடவை, ஐந்து தடவை வாசிப்பேன். ஞாபக சக்தி கம்மி என்று வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். கோளாறு படித்த விதத்தில் இருந்தது என்று புரிய ரொம்ப நாள் ஆனது. ஐந்தாவது தடவை வாசிக்கும்போது வரிகள் தடங்கல் இல்லாமல் ஓடும், "இதெல்லாம் தெரிஞ்சதுதானே" என்று மனசு சொல்லும், அந்தத் "தெரிஞ்சதுதானே"தான் ஆளைக் கவிழ்ப்பது. ஒரு முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிவது சுலபம். கண்ணை மூடிக்கொண்டு அந்த முகத்தின் மூக்கு எப்படி இருந்தது என்று சொல்லிப் பாருங்கள், திணறிவிடுவீர்கள். வாசிக்கும்போது நாம் முதல் வேலைக்குப் பழகுகிறோம், தேர்வில் இரண்டாவது வேலையைச் செய்யச் சொல்கிறார்கள்.

இதை அழகாகக் காட்டிய ஒரு சோதனை உண்டு. 2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு சின்ன உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு சுற்று வாசித்துவிட்டு, அடுத்த மூன்று சுற்றிலும் பகுதியைப் பார்க்காமல், நினைவில் இருப்பதை எல்லாம் தாளில் எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது நான்கு சுற்று வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள், 83 சதவீதத்துக்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. நாம் ஏன் திரும்பத் திரும்ப வாசிப்பதை விடமாட்டேன் என்கிறோம் என்பதற்கும் விளக்கம் அந்த ஐந்து நிமிஷக் கணக்கிலேயே இருக்கிறது. படித்து முடித்த கையோடு அது நன்றாக வேலை செய்கிற மாதிரியே தெரியும். தேர்வு ஐந்து நிமிஷத்தில் வருவதில்லையே.

மூளையிலிருந்து ஒரு விஷயத்தை வெளியே இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த வழி கொஞ்சம் அகலமாகிறது, அவ்வளவுதான் சங்கதி. இனி இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

வெற்றுத்தாள்

ஒரு பாடத்தில் மூன்று நான்கு பக்கம், ஒரு தலைப்புக்குள் அடங்குகிற அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நிதானமாக, புரிகிற மாதிரி வாசியுங்கள், கோடு எதுவும் போட வேண்டாம். அப்புறம் புத்தகத்தை மூடி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு (எட்டுகிற இடத்தில் இருந்தால் கை தானாகப் போகும், எனக்கு இப்போதும் போகிறது), ஒரு வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம், வாக்கியம் முழுசாக இருக்க வேண்டாம், அம்புக்குறி, கிறுக்கல், பாதி வார்த்தை எதுவானாலும் சரி. முதல் இரண்டு நிமிஷத்தில் வேகமாக வரும், பிறகு நின்றுவிடும். அந்த இடத்தில்தான் எல்லோரும் புத்தகத்தைத் திறக்கிறார்கள். திறக்காதீர்கள். இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் அப்படியே உட்காருங்கள், தலையைச் சொறியுங்கள், "இதற்கு அடுத்து ஏதோ மூன்று காரணம் சொன்னானே" என்று தேடுங்கள். வராமல் வராமல் கடைசியில் ஒன்று வரும் பாருங்கள், அது சுலபத்தில் மறக்காது.

பிறகு புத்தகத்தைத் திறந்து, வேறு நிறப் பேனாவால் விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் அதே தாளில் நிரப்புங்கள். இந்தத் திருத்தல் முக்கியம், தப்பான விடையைச் சரிபார்க்காமல் விட்டால் தப்பே பதிந்துபோகும். நிரப்பிய பிறகு அந்தத் தாளைப் பார்த்தால் உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்பது இரண்டு நிறத்தில் இருக்கும். அடுத்தமுறை வாசிக்க வேண்டியது அந்த இரண்டாவது நிறத்தை மட்டும்தான். முழுப் பாடத்தையும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற பழக்கத்தால் முதல் பக்கம் தண்ணி பட்ட பாடாகவும் கடைசிப் பக்கம் கண்ணில்கூடப் படாமலும் போகிற கொடுமை இதனால் நிற்கும்.

முதல் சில நாள் இது எரிச்சலாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் வாசித்தால் பத்துப் பக்கம் முடித்த திருப்தி வரும், இப்படிச் செய்தால் மூன்று பக்கம்கூட முடியாது, அதிலும் பாதி தெரியவில்லை என்று தாள் சொல்லும். நிறைய பேர் இந்த இடத்தில் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். ராபர்ட் பியோர்க் என்ற உளவியலாளர் இதற்கு "விரும்பத்தக்க சிரமம்" என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்: படிக்கும்போது மெதுவாகவும் கஷ்டமாகவும் தெரிகிற சில வழிகள்தான் நெடுநாள் நிற்கிற படிப்பைத் தருகின்றன என்கிறார். எல்லாக் கஷ்டமும் அல்ல, சத்தமான அறையில் படிப்பதும் கஷ்டம்தான், அதில் ஒரு லாபமும் கிடையாது. நினைவிலிருந்து தேடி எடுக்கிற கஷ்டத்தைச் சொல்கிறார்.

எழுதப் பிடிக்காதவர்கள் வாயால் சொல்லலாம். சுவரைப் பார்த்து, இதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவருக்கு விளக்குவதுபோல் விளக்குங்கள். எந்த இடத்தில் "அதாவது... அது வந்து..." என்று இழுக்கிறீர்களோ அங்கே ஓட்டை. இன்னொரு வழி, துணைத்தலைப்பு ஒவ்வொன்றையும் கேள்வியாக மாற்றி ஒரு நோட்டில் இடதுபக்கம் எழுதிவைப்பது. "கடற்காற்று" என்று தலைப்பு இருந்தால் "பகலில் காற்று ஏன் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுகிறது?" என்று எழுதுங்கள். வலதுபக்கம் ஒன்றும் எழுத வேண்டாம். அடுத்த வாரம் அந்தக் கேள்விகளை மட்டும் பார்த்து விடை சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "ஏன்" என்று கேட்கிற கேள்விகள் கூடுதல் பலன் தரும். நிலம் தண்ணீரைவிடச் சீக்கிரம் சூடாகிறது, அதன் மேலிருக்கும் காற்று லேசாகி மேலெழும்புகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது என்று ஒருமுறை காரணத்தோடு பிடித்துவிட்டால், இரவில் திசை மாறுவதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, தானாக வந்துவிடும்.

ஒரே நாளில் ஐந்து தடவையா, ஐந்து நாளில் ஒவ்வொரு தடவையா

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். சோதனைக்கு ஆள் வேறு யாருமில்லை, அவரே. அர்த்தமில்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு, மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று வருஷக்கணக்காகத் தன்னைத்தானே அளந்துகொண்டிருந்தார். எப்படிப்பட்ட பொறுமை! அவர் கண்டது இதுதான்: ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது, ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம், ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது. முதலில் சரேலென்று இறங்கி, பிறகு மெதுவாக இறங்குகிறது. நீங்கள் படிப்பது அர்த்தமுள்ள விஷயம், அவ்வளவு வேகமாகப் போகாது, ஆனாலும் இறங்குகிற விதம் அதேதான்.

அதனால் முதல் திருப்புதல் சீக்கிரம் வர வேண்டும், மறுநாளே. அதற்கடுத்தது மூன்று நான்கு நாளில், அப்புறம் ஒரு வாரம் பத்து நாளில், அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில். ஒவ்வொரு தடவையும் இடைவெளி நீள்கிறது, நேரம் குறைகிறது. முதல் தடவை ஒரு மணி நேரம் எடுத்த பாடத்துக்கு நான்காவது தடவை பத்து நிமிஷம் போதும், வெற்றுத்தாளும் கேள்வி நோட்டும் இருந்தால். கொஞ்சம் மறந்திருக்கும்போது திரும்பிப் பார்ப்பதுதான் லாபம், மறப்பதற்கு முன்பே பார்த்தால் தேடுகிற வேலையே இருக்காது.

தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் இடைவெளி மாறும். 2008-ல் செபீடா என்பவரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 1,300-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தபோது, சோதனை ஒரு வாரத்தில் என்றால் ஒரு நாள் இடைவெளியும், ஒரு வருஷம் கழித்து என்றால் ஏறக்குறைய மூன்று வாரமும் நன்றாக வேலை செய்தது. துல்லியமாகக் கணக்குப் போட்டு அட்டவணை எழுதி உயிரை விட வேண்டாம். ஒரு காலண்டரில், இன்று படித்த பாடத்தின் பெயரை நாளைய தேதியிலும், நான்காம் நாளிலும், பத்தாம் நாளிலும் எழுதிவிடுங்கள். தினமும் காலையில் புதுப் பாடத்தைத் தொடுவதற்கு முன்னால் அன்றைய தேதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை முடியுங்கள். இதற்கு அரைமணி நேரம்தான் ஆகும், ஆனால் முதலில் செய்யாவிட்டால் அன்றைக்கு நடக்கவே நடக்காது.

வரையறை, சூத்திரம், ஆண்டு, வேற்றுமொழிச் சொல் மாதிரித் துண்டு துண்டான விஷயங்களுக்கு அட்டைகள் நல்லது. 1970களில் செபாஸ்டியன் லைட்னர் பிரபலமாக்கிய முறை இன்னும் அசைக்க முடியாததாக இருக்கிறது. அட்டையின் ஒருபக்கம் கேள்வி, மறுபக்கம் விடை, வரிசையாகச் சில பெட்டிகள். எல்லா அட்டையும் முதல் பெட்டியில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பாகச் சொன்னால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்பி வரும். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை என்று எடுத்தால், கஷ்டமானவை தானாக அடிக்கடி கண்முன் வரும். ஃபோனில் ஆங்கி போன்ற செயலிகள் இந்த இடைவெளிக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளும். இரண்டே எச்சரிக்கை. ஒரு அட்டையில் ஒரு விஷயம் மட்டும், ஒரு பாராவையே அட்டையில் ஏற்றினால் பாதி தெரிந்து பாதி தெரியாமல் எந்தப் பெட்டியில் போடுவது என்றே தெரியாது. அப்புறம், அட்டை செய்வதே படிப்பு என்று நினைத்து மூன்று நாள் வண்ண வண்ணமாக அட்டை செய்துகொண்டிருக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

கணக்குக்கு வேறு வழி

கணக்கு, இயற்பியல், கணக்குப்பதிவியல் மாதிரிப் பாடங்களில் நடக்கிற ஏமாற்று இன்னும் நுணுக்கமானது. தீர்த்துக் காட்டிய கணக்கை வரிவரியாகப் பார்த்துத் தலையாட்டுகிறோம். ஒவ்வொரு வரியும் நியாயமாகத்தான் இருக்கிறது. அடுத்த வரி எது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டிய நேரத்தில் கை நிற்கிறது. எனவே தீர்வை ஒரு தாளால் மூடிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக "இதற்கு அடுத்து என்ன செய்வார்கள், ஏன்" என்று ஊகித்துவிட்டுத் தாளை இறக்குங்கள். புது ஆளுக்கு முழுக் கணக்கையும் தானே போட்டுத் திணறுவதைவிட முதலில் இப்படி இரண்டு மூன்று கணக்கைப் பார்த்துவிட்டுப் போடத் தொடங்குவது நல்லது. போடத் தொடங்கிய பிறகு பத்து நிமிஷமாவது முட்டி மோதாமல் விடைப்பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

அடுத்தது கலந்து போடுவது. பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தின் கடைசியில் இருக்கும் இருபது கணக்கும் ஒரே மாதிரி, எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டாம், அத்தியாயத்தின் பெயரே சொல்லிவிடும். தேர்வுத்தாளில் அத்தியாயத்தின் பெயர் இருக்காது. டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட சோதனையில், நான்கு வகைக் கனவடிவங்களின் கன அளவைக் காண மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வகைவாரியாகப் போட்டுப் பழகியவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் வகைவாரிக் குழு 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, கலவைக் குழு 63. மறுபடியும் அதே கதை, படிக்கும்போது நன்றாகப் போகிற மாதிரித் தெரிந்ததுதான் கடைசியில் காலை வாரியது.

செய்முறை சுலபம். புது வகையை முதல் நாள் ஐந்தாறு கணக்கு வகைவாரியாகப் போட்டுக் கையைப் பழக்குங்கள், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பழைய அத்தியாயங்களிலிருந்து ஒன்றிரண்டை எடுத்துக் கலந்து ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் முதலில் "இது என்ன வகை, ஏன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடுங்கள். நேரமில்லாத நாளில் வகையை மட்டும் கண்டுபிடித்துவிட்டுக் கணக்கைப் போடாமல் விட்டால்கூடப் பாதி வேலை முடிந்த மாதிரி.

எதையெல்லாம் விடலாம்

2013-ல் ஜான் டன்லோஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். மேலே வந்தவை இரண்டு: தன்னைத்தானே சோதிப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது. கீழே தங்கியவற்றில் நம்முடைய செல்லங்கள் எல்லாம் இருந்தன, கோடு போடுவது, திரும்ப வாசிப்பது, சுருக்கம் எழுதுவது. சுருக்கம் எழுதுவதை நான் முழுசாகத் தள்ளமாட்டேன், புத்தகத்தைப் பார்க்காமல் எழுதினால் அது வெற்றுத்தாள்தான். பார்த்துப் பார்த்து எழுதினால் நகலெடுக்கிற இயந்திரம். ஹைலைட்டரை விடவே முடியாதவர்கள் முதல் வாசிப்பில் தொடாமல், வெற்றுத்தாள் எழுதிய பிறகு விட்டுப்போன வரிகளில் மட்டும் போடுங்கள்.

"நான் கண்ணால் கற்கிறவன், அவள் காதால் கற்கிறவள்" என்று ஆளுக்கொரு பாணி இருப்பதாகச் சொல்வதற்கும் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008-ல் ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் எழுதிவிட்டார்கள். வரைபடம் தேவைப்படுகிற பாடத்துக்கு எல்லோருக்கும் வரைபடம்தான், உச்சரிப்புக்கு எல்லோருக்கும் காதுதான்.

அட்டவணை என்கிற கற்பனைக் கதை

காலை நான்கரைக்கு எழுந்து இரவு பதினொன்று வரை கட்டம் கட்டிய டைம் டேபிள் ஒன்றை எல்லோரும் ஒருதடவையாவது சுவரில் ஒட்டியிருப்போம். இரண்டாவது நாளே அதன் கதை முடிந்திருக்கும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை மனுஷன் எப்போதும் குறைத்தே கணக்கிடுகிறான் என்பதைக் கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே பேசியிருக்கிறார்கள். எனவே உங்களுக்குத் தோன்றுகிற நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், வாரத்தில் ஒருநாளை ஒன்றும் எழுதாமல் காலியாக விடுங்கள், தள்ளிப்போனதெல்லாம் அங்கே போய் விழட்டும்.

தொடங்குகிற இடம் பழைய வினாத்தாள்கள். பலர் அவற்றைக் கடைசி வாரத்துக்கென்று பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள், தேர்வு எதைக் கேட்கிறது என்று தெரியாமலே இரண்டு மாதம் படித்துவிட்டு. முதல் நாளே மூன்று நான்கு வருஷத் தாளை எடுத்து, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க், வரையறை கேட்கிறார்களா, ஒப்பிடச் சொல்கிறார்களா, கணக்கா என்று பாருங்கள். விடை தெரிய வேண்டிய அவசியமில்லை. சிலபஸை ஒரே பக்கத்தில் எழுதி ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைப் போடுங்கள்: சொல்ல வரும், பாதி வரும், சுத்தமாக வராது. அடிக்கடி கேட்கிற "பாதி வரும்" தலைப்புகளில் தொடங்குங்கள், குறைந்த உழைப்பில் அதிக மார்க் அங்கேதான் கிடக்கிறது. இரண்டு தாளையாவது தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பத்து நாளில் கடிகாரம் வைத்து, ஒரே இருக்கையில், ஃபோன் இல்லாமல், உண்மையான தேர்வு மாதிரியே எழுத. தேர்வு பயத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்தும் இதுதான். மூன்று மணி நேரம் எழுதினால் கை எப்படி வலிக்கும் என்பது முன்பே தெரிந்திருந்தால் அன்றைக்கு அது செய்தியாக இருக்காது.

அட்டவணையில் மணி நேரத்தை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள். "வேதியியல் இரண்டு மணி நேரம்" என்றால் இரண்டு மணி நேரம் வேதியியல் புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலே முடிந்துவிடுகிறது. "நான்காம் பாடத்தின் பதினைந்து கேள்விக்குப் புத்தகம் மூடி விடை" என்றால் முடிந்ததா இல்லையா என்பதில் சண்டையே இல்லை.

உட்கார முடியாதவர்களுக்கு பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தனக்காக உருவாக்கிய வழி இருக்கிறது: 25 நிமிஷம் ஒரே வேலை, 5 நிமிஷம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் கொஞ்சம் நீளமான ஓய்வு. 25 என்பது வேதவாக்கு இல்லை, கணக்கு சூடு பிடித்த நேரத்தில் மணி அடித்து எழுப்பிவிட்டால் நஷ்டம்தான், அதற்கு 45, 50 நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கவே மனசு வராத நாளுக்கு 25 நல்லது. ஓய்வில் எழுந்து நடங்கள், ஃபோனை எடுத்தால் ஐந்து நிமிஷம் ஐம்பதாகும். ஃபோன் அடுத்த அறையில் இருக்கட்டும், கவிழ்த்து வைப்பது, சத்தத்தை அணைப்பது எல்லாம் நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்வது.

தூக்கம்

இதில் வாதம் பண்ண ஒன்றுமில்லை. 1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், இரண்டே இரண்டு மாணவர்களை வைத்து, படித்த உடனே தூங்கியபோது மறந்தது குறைவு, விழித்திருந்தபோது மறந்தது அதிகம் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன, பகலில் படித்ததை மூளை தூக்கத்தில் எடுத்து அடுக்குகிறது. ராத்திரி முழுக்க விழித்துப் படிப்பவர் மளிகைச் சாமானை வாங்கி வாங்கி வாசலிலேயே குவிப்பவர் மாதிரி, உள்ளே எடுத்து வைக்க ஆள் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காபியும் வேண்டாம், உடம்பிலிருந்து காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும்.

மூன்றே நாள்தான் இருக்கிறது என்றால்

சரி, மேலே சொன்ன எதையும் செய்யவில்லை, காலண்டரும் இல்லை, அட்டையும் இல்லை, வெள்ளிக்கிழமை தேர்வு. முதலில், எல்லாவற்றையும் முடிக்கலாம் என்ற ஆசையை விடுங்கள். வினாத்தாள்களில் அடிக்கடி வருகிற தலைப்புகளில், ஏற்கெனவே பாதி தெரிந்தவற்றை மட்டும் ஒரு பட்டியல் போடுங்கள். சுத்தமாகத் தெரியாத பெரிய பாடம் ஒன்றைப் புதிதாகத் தொடங்குவது இந்த நேரத்தில் கடலில் இறங்குகிற மாதிரி. பழைய கேள்வியை எடுத்து, தெரிந்தவரை விடை எழுதி, அப்புறம் பாடத்தைத் திறந்து அந்த விடைக்கு வேண்டியதை மட்டும் வாசியுங்கள். முதலில் கேள்வி, பிறகு வாசிப்பு. தப்பாகவே ஊகித்திருந்தாலும் பரவாயில்லை, கேள்வியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசிக்கும்போது கண் சரியான இடத்தில் நிற்கும். காலையில் பார்த்ததை அன்றிரவு ஒருமுறை, மறுநாள் ஒருமுறை மூடிப் பார்த்துவிடுங்கள், மூன்று நாளுக்குள்ளும் இடைவெளி விட இடமிருக்கிறது. கடைசி இரவு புதிதாக எதுவும் வேண்டாம், தூங்குங்கள்.

தேர்வறைக்குள்

தாளை வாங்கியதும் முழுசாக ஒருமுறை படியுங்கள், மூன்று நிமிஷம் போனால் போகிறது. தலையில் மிதந்துகொண்டிருக்கிற சூத்திரம், ஆண்டு எதுவானாலும் விதி அனுமதித்தால் உடனே ஓரத்தில் எழுதிவிட்டால் தலை காலியாகும். 100 மார்க்குக்கு 180 நிமிஷம் என்றால் ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிஷம்கூட இல்லை, 5 மார்க் கேள்விக்கு 9 நிமிஷம், அதில் சரிபார்க்கிற நேரத்தையும் கழித்தால் 8. இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போங்கள். நன்றாகத் தெரிந்த கேள்வியில் மூன்று பக்கம் எழுதித் தீர்த்துவிட்டு, கடைசி இரண்டு கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு தேர்விலும் இருக்கிறார்கள். எவ்வளவு எழுதினாலும் ஒரு கேள்விக்கு ஒதுக்கியதற்கு மேல் மார்க் கிடைக்காது, விட்டுவிட்டு வருகிற கேள்விக்கு இரண்டு வரி எழுதினால்கூட ஒன்று கிடைக்கலாம்.

விடை வரவில்லையா, நட்சத்திரம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். வேறு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது பல சமயம் அது தானாக எட்டிப் பார்க்கும். கை நடுங்கினால் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி நான்கைந்து தடவை விடுங்கள்.

கொள்குறி வினாக்களில் "முதலில் தோன்றியதுதான் சரி, மாற்றாதே" என்று எல்லோரும் சொல்வார்கள். 1920களிலிருந்தே இதைத் திரும்பத் திரும்பச் சோதித்திருக்கிறார்கள், விடையை மாற்றியவர்களில் தப்பிலிருந்து சரிக்குப் போனவர்களே அதிகம். சரியாக இருந்ததை மாற்றித் தப்பாக்கியது மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருப்பதால் அந்தப் பழமொழி சாகாமல் இருக்கிறது. காரணம் இருந்தால் மாற்றுங்கள், பதற்றத்தில் மாற்றாதீர்கள். தப்பு விடைக்கு மார்க் குறைப்பார்களா என்பதை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், குறைக்கமாட்டார்கள் என்றால் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டுவிட்டு வரக்கூடாது.

வெளியே வந்ததும் வாசலில் நின்று விடையை ஒப்பிடுகிற கூட்டத்தில் சேராதீர்கள், அடுத்த தேர்வு பாக்கி இருந்தால் குறிப்பாக. மார்க் வந்த பிறகு, விடைத்தாள் கைக்குக் கிடைத்தால், போன ஒவ்வொரு மார்க்கையும் ஒரு சின்ன நோட்டில் மூன்று வகையாகப் பிரித்து எழுதுங்கள்: தெரியவே தெரியாது, தெரியும் ஆனால் அந்த நேரத்தில் வரவில்லை, கேள்வியைத் தப்பாகப் படித்துவிட்டேன். முதல் வகை அதிகம் என்றால் பாடத்தையே தொடவில்லை என்று அர்த்தம். இரண்டாவது அதிகம் என்றால் வாசித்திருக்கிறீர்கள், மூடிப் பார்க்கவில்லை. மூன்றாவது அதிகம் என்றால் இன்னும் படிக்க வேண்டியதில்லை, கடிகாரம் வைத்து நாலு மாடல் தாள் எழுத வேண்டும். மூடிப் பார்க்கப் பழகிய பிறகு எனக்கு மூன்றாவது வகைதான் அதிகமாக இருந்தது, அதைக் கண்டுபிடிக்காமலே இரண்டு வருஷம் கூடுதலாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த தேர்வுக்குத் தயாராகும்போது புத்தகத்துக்கு முன்னால் முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான்.